கணக்குப்பிள்ளை கொல்லவில்லை

1. கம்பைநல்லூரில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்த முதலாளி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தன் ஆபீஸ் அறையில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். ஆறு மணிக்கு வேலைக்கு வந்த வாட்ச்மேன்தான் முதலில் பார்த்தார்.

2. பக்கத்தில் ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று கிடந்தது. இறந்தவரின் மூடிய கைக்குள் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது.

3. முதலாளியின் அண்ணன் மகன் அன்று நாலு மணி பஸ்ஸில் கம்பைநல்லூரை விட்டுக் கிளம்பி, ஐந்து மணிக்குத் தருமபுரியில் இறங்கினார். ஐந்து பத்துக்குத் தபாலாபீசுக்குப் போய் மில்லுக்கு டிரங்க் கால் புக் செய்தார். ஐந்தரைக்குச் சித்தப்பாவுடன் பேசியதாகவும் அவர் நன்றாக இருந்ததாகவும் பிறகு சொன்னார்.

4. ஐந்து மணிக்கு மில் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு மில்லில் இருந்தவர் கணக்குப்பிள்ளை ஒருவர்தான்.

5. கணக்குப்பிள்ளையின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

6. தருமபுரி பஸ் நிலையத்தில் வண்டிகள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதும் டைம்கீப்பர், இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, போலீசுக்கு முன்பே கொலைகாரரைக் கண்டுபிடித்தார். கணக்குப்பிள்ளை கைதானார்.

7. நான் அதை நம்பவில்லை.

ஏழாவதைத் தவிர மற்றவை எல்லாம் இருநூறு பக்க நோட்டு ஒன்றில் நடந்தவை. அதை எழுதியவர் நான் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. நான் அப்போது தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சேலத்தில் பயிற்சி முடித்து வந்தவள். அது எழுபத்தொன்றாம் வருடம்.

அக்காவின் கணவர் தையற்காரர். பஸ் நிலையத்துக்கு எதிரே அவர் கடை, கடைக்குப் பின்னால் வீடு. வாடிக்கைக்காரர்கள் அவரைப் பாய் என்பார்கள். சட்டைகளுக்குக் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அக்காவின் வேலை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரை தொங்கும். அதன் பின்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டே பஸ் நிலையத்தின் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார். நேரத்தைச் சொல்லிக் கத்தும் நிஜ டைம்கீப்பரின் குரலிலிருந்துதான் தன் துப்பறிவாளரை உண்டாக்கினார். அந்த ஆளின் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அவர் எழுத ஆரம்பித்த விதம் எனக்குப் பிடிக்கும். ஊரில் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. அங்கே துப்பறியும் நாவல்கள் பல கைமாறிக் கடைசிப் பக்கங்கள் இல்லாமல்தான் வரும். முடிவு தெரியாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அக்காவுக்கு மனம் வராது. தானே முடிவை எழுதி, அந்தத் தாளைப் புத்தகத்தின் பின்னால் ஊசி நூலால் தைத்துக் கொடுத்துவிடுவார். நூல்நிலையக்காரர் முதலில் கோபித்துக்கொண்டாராம். பிறகு கடைசிப் பக்கம் போன புத்தகங்களை அவரே கொடுத்தனுப்ப ஆரம்பித்தாராம். அந்த ஊரில் பல பேருக்கு அச்சிட்ட கதையின் முடிவைக் கையெழுத்தில் படிப்பது பழகிப்போயிருந்தது.

அதன் பிறகு முழு நாவல்களே எழுதினார். ஒவ்வொன்றும் ஒரு நோட்டு. நோட்டின் கடைசியில் எட்டுப் பக்கம் காலியாக விட்டு, மேலே ‘வாசகர் கருத்து’ என்று எழுதிவிடுவார். நோட்டு வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் கருத்தை எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, ரேஷன் கடைக்காரர் வீட்டம்மா, இண்டூரிலிருந்து வாரம் ஒருமுறை துணி தைக்க வரும் விவசாயி வீட்டு மருமகள், இப்படிப் பன்னிரண்டு பேர். அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் கன்னடத்தில்தான் எழுதுவார். அதை யாராலும் படிக்க முடியாது. பாராட்டு என்றே எல்லாரும் வைத்துக்கொண்டோம்.

மில் முதலாளி கதை அக்காவின் மூன்றாவது நாவல். முதல் இரண்டையும் சேலத்தில் மாத நாவல் வெளியிடும் ஓர் அச்சகத்துக்கு அனுப்பி, இரண்டும் திரும்பி வந்திருந்தன. இரண்டாவது வந்தபோது கூடவே ஒரு கடிதம். நடை நன்றாக இருக்கிறது, முடிவு நிற்கவில்லை, இன்னும் ஒன்றே ஒன்று பார்க்கிறோம், திங்கட்கிழமைக்குள் கைக்கு வராவிட்டால் இந்த வருடத்துக்கு இடமில்லை, அதன் பிறகு அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். எந்தத் திங்கள் என்று தேதியும் போட்டிருந்தார்கள். அக்கா அந்தக் கடிதத்தை மடித்துப் பொத்தான் டப்பாவின் மூடிக்குள் செருகி வைத்திருந்தார். வேலை செய்யும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக.

அந்தத் திங்களுக்கு முந்திய புதன்கிழமை காலை நோட்டு என் கைக்கு வந்தது. நான்தான் கடைசி வாசகி.

“ஏம்மா டெலிபோன்,” என்றார் அக்கா. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “உன் கையெழுத்து அச்சடிச்சாப்பல இருக்குது. மொதப் பக்கத்துல இந்த நோட்டுல என்னென்ன இருக்குதுன்னு வரிசையா எழுதிக் குடு. அச்சாபீசுக்காரங்களுக்குப் பார்த்த ஒடனே புரியணும்.”

எனக்கு அப்படிப்பட்ட வேலை என்றால் மிகவும் இஷ்டம். உட்கார்ந்தவுடன், கதையைப் படிப்பதற்கு முன்பே, அடிக்கோல் வைத்து எழுதினேன். ஒன்று, நாவல், பதினாலு அத்தியாயங்கள். இரண்டு, வாசகர் கருத்து, எட்டுப் பக்கம். கீழே இரட்டைக் கோடு.

அன்றும் மறுநாள் காலையும் நாவலைப் படித்தேன். பாதி வரை நோட்டைக் கீழே வைக்கவில்லை. மில்லில் எந்திரம் ஓடும்போது பேச்சு எப்படி வாயசைவாக மட்டும் தெரியும் என்பதை எழுதியிருந்தார். வெக்கை தாங்காமல் கணக்குப்பிள்ளை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு களத்தில் மூட்டை எடை பார்ப்பதை எழுதியிருந்தார். அக்கா ஒரு எண்ணெய் மில்லுக்குள் இரண்டே தடவை போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

பன்னிரண்டாவது அத்தியாயத்தில் டைம்கீப்பர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறார். அங்கே உள்ள பெண் புன்னகையோடு, “ஆமாம், ஐந்து பத்துக்குக் கம்பைநல்லூருக்குக் கால் புக் ஆகியிருக்கிறது” என்கிறாள். அண்ணன் மகன் சொன்னது உண்மை என்று டைம்கீப்பர் முடிவு செய்கிறார். ஐந்தரைக்கு முதலாளி உயிரோடு இருந்திருக்கிறார், ஆகவே கணக்குப்பிள்ளை.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எந்த ஆபரேட்டரும் வெளி ஆளுக்கு அப்படிச் சொல்ல மாட்டாள். வேலைக்குச் சேரும்போதே ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போடுகிறோம். எரிச்சல் போன பிறகுதான் பெரிய விஷயம் தெரிந்தது.

டிரங்க் கால் என்பது எக்ஸ்சேஞ்சில் சொல்லி வைத்து வெளியூருக்குப் பேசுவது. புக் செய்தால் ஒரு சின்னத் தாளில் நாங்கள் எழுதுவோம். அதற்கு டிக்கெட் என்று பெயர். புக் செய்த நேரம் ஓர் இடத்தில். இணைப்புக் கிடைத்துப் பேச ஆரம்பித்த நேரம் இன்னோர் இடத்தில். பேசி முடித்த நேரம் மற்றோர் இடத்தில். எதிர்முனையில் யாரும் எடுக்காவிட்டால் அதையும் குறிப்போம். புக் ஆவது வேறு, பேசுவது வேறு. டைம்கீப்பர் முதல் நேரத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதோடு நிற்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்தில் கணக்குப்பிள்ளை போலீசிடம் ஒன்று சொல்கிறார். “அஞ்சரை மணிவாக்குல போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. ஐயா எடுக்கல. தூங்கறாருன்னு நெனைச்சு நான் மூட்டை எடையப் பார்த்துக்கிட்டிருந்தேன்.” இது பச்சைப் பொய் என்று டைம்கீப்பர் தள்ளிவிடுகிறார். எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. முதலாளி நாலு மணிக்கு முன்பே, எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே இறந்திருந்தால் போன் அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

என் சந்தேகங்களை ஏழாக வரிசைப்படுத்தி, கருத்துப் பக்கத்தில் பன்னிரண்டு பாராட்டுகளுக்குக் கீழே எழுதினேன். எழுதிய பிறகு நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. வியாழன் மதியம். சனிக்கிழமை பார்சல் போக வேண்டும். கொடுத்தால் அக்காவின் ஒரே வாய்ப்பை நான் கெடுத்ததாகும். கொடுக்காவிட்டால் அச்சகத்துக்காரர் இதே ஓட்டையைக் கண்டுபிடித்து, முடிவு நிற்கவில்லை என்று மூன்றாம் தடவையும் திருப்பி அனுப்பலாம். மதியப் பணிக்குப் போகும் வழியில் கொடுத்துவிட்டு நிற்காமல் நடந்தேன்.

மறுநாள் காலை அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மடியில் ஒரு சட்டை, வாயில் நூல். நோட்டில் நான் எழுதிய பக்கம் விரித்து வைத்திருந்தது.

“இத்தனை பேரு நல்லாருக்குதுன்னாங்க. நீ ஏழு சொல்றே.”

“ஆமாங்க அக்கா.”

“ஏழும் நெசமா, இல்ல எண்ணிக்கைக்கு எழுதுனியா?”

“மூணுதான் பெருசு. மத்த நாலும் சும்மா.”

“அப்ப மூணுன்னே எழுதியிருக்கலாமில்ல? பார்த்ததும் பக்குன்னு ஆயிப்போச்சு.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “ராத்திரி சோறு எறங்கல. அவுங்க என்னைய ஒடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. உக்காரு. டிக்கெட்டுன்னா என்னன்னு சொல்லு. நான் ஆயுசுல டிரங்க் கால் பேசுனதில்ல.”

ஒரு தாளில் டிக்கெட்டின் கட்டங்களை வரைந்து காட்டினேன். அவர் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரல் வைத்துக் கேட்டார். புக் பண்ணி ஒருத்தர் பேசலைன்னா வெளியில எப்படித் தெரியும்? பூத்தை விட்டு வர்றவங்களை யாராவது நிறுத்திக் கேப்பாங்களா? யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னைக்கு உனக்கு எந்த நேரம் டூட்டி?”

“பதினொண்ணுலேருந்து.”

“சரி. போ.”

அன்று மதியம் ஒரு மணி சுமாருக்குத் தபாலாபீஸ் பூத்திலிருந்து அரூருக்கு ஒரு கால் என் போர்டுக்கு வந்தது. எண்ணைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பாயின் மாமன் மகன் அரூரில் வைத்திருந்த ஜவுளிக்கடை. குரலும் தெரிந்தது. தொழில் முறைப்படி டிக்கெட் எழுதினேன். அரூர் ஆபரேட்டர் மணி அடித்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

“எதிர்முனையில யாரும் எடுக்கலைங்க,” என்றேன்.

“எடுக்க மாட்டாங்க,” என்றது அக்காவின் குரல், நிதானமாக. “வெள்ளிக்கெழமையில்ல. எல்லாரும் தொழுகைக்குப் போயிருப்பாங்க. எழுதிக்கிட்டியா?”

“எழுதிட்டேங்க.”

“புக் பண்ணுன நேரத்தையும் எழுதிட்டியா?”

“ஆமாங்க.”

“சரி, வெச்சிடு.”

ஒரு நாவலாசிரியை பரிசோதனை செய்யப் புறப்பட்டு, எடுக்காத போன் வேண்டும் என்பதற்காக அதற்கேற்ற கிழமையையும் நேரத்தையும் கடையையும் தேர்ந்தெடுத்ததை அன்றுதான் பார்த்தேன். எங்கள் பயிற்சிப் பள்ளியில் கோளாறு கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவரைத் தன் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பார்.

பரிசோதனையின் மறுபாதியை ஏழு மணிக்குப் பணி முடிந்து வந்தபோது தெரிந்துகொண்டேன். கடையில் பாய் என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, நீயும் இதுல கூட்டா? தபாலாபீசுலேருந்து வந்தா. அரூருக்குப் பேசிட்டு வந்தேன், உங்க மாமன் மவனுக்கு நெஞ்சுச்சளியாம்ன்னா. நானும் நம்பிட்டேன். தொழுதுட்டு வந்த ஒடனே ஒருத்தரு பஸ் ஏறுறாருன்னு அவருகிட்ட மருந்து வேற குடுத்தனுப்பிட்டேன்!”

திரைக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னார். “நீங்க யாரு கூடப் பேசுனேன்னு கேட்டீங்களா? கடையில எல்லாரும் தொழுகைக்குப் போயிருப்பாங்களேன்னு நெனைச்சீங்களா? நீங்களே அப்பத்தான் பள்ளிவாசல்ல இருந்து வந்தீங்க.”

“பொண்டாட்டி சொன்னா நம்பறதுதான் மரியாதை.”

“டைம்கீப்பரும் அப்படித்தான் நம்பிட்டாரு,” என்றார் அக்கா. “உள்ள வா டெலிபோன். பொத்தான் ஒண்ணு இருக்குது.”

பொத்தான் என் ஏழு சந்தேகங்களில் ஆறாவது. எந்தச் சட்டையிலும் ஒரு பொத்தான் போயிருக்கும், அது என்ன சாட்சி என்று எழுதியிருந்தேன். அண்ணன் மகன்தான் கொன்றான் என்றால் கணக்குப்பிள்ளையின் பொத்தான் இறந்தவரின் கைக்கு எப்படி வந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அக்கா இரண்டு பொத்தான்களை என் உள்ளங்கையில் வைத்தார்.

“இது நான் இழுத்துப் பிச்சது. இது கத்தரியில வெட்டுனது. பாரு.”

பிய்த்த பொத்தானில் நூல் பஞ்சாகப் பிரிந்திருந்தது. துணியின் இழை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டிய பொத்தானில் நூல் நுனி மழித்தது போலச் சமமாக இருந்தது.

“சண்டையில பிடுங்குனா இப்படி வரும். இப்படி வந்தா எவனோ வெட்டிக் கையில வெச்சிருக்கான். சட்டைதான் ஆணியில தொங்குதே, நான்தானே தொங்கவிட்டேன். இதை மாத்திரம் டைம்கீப்பர் பார்த்திருந்தாருன்னா?” அவர் தலையில் தட்டிக்கொண்டார். “பொழுதன்னிக்கும் பொத்தான் வைக்கிறவ நானு. எனக்கே தோணல பாரு.”

கொலையை நிரூபிக்க எனக்குத் தெரிந்தது பாதிதான். மற்றப் பாதியைக் கண்டுபிடிக்க அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு பொத்தான்கள். அந்த வேகத்தை நான் இன்றுவரை வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

மாற்றி எழுத நாள் இல்லை. முழு நோட்டையும் மறுபடி பிரதி எடுக்க முடியாது. கடைசி அத்தியாயத்தைக் கிழிக்கலாமா என்றேன். நடுவில் தைத்த நோட்டு, பின்னால் ஒரு தாளைக் கிழித்தால் முன்னால் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும் என்று அவர் காட்டினார். சற்று நேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு கருத்துப் பக்கங்களைத் தாண்டி, பின்னட்டையைத் தட்டினார்.

“இங்க ஒரு அத்தியாயம் வைக்கறேன்.”

“கருத்துக்கு அப்புறமா?”

“ஆமா. படிச்சவங்க எல்லாரும் கணக்குப்பிள்ளைதான்னு நம்பிக் கைதட்டிட்டாங்க. டைம்கீப்பரும் நம்பிட்டாரு. கடைசில ஒருத்தி மட்டும் ஏழு கேள்வி கேக்கறா. அதுக்கப்புறம் அவரு முழிச்சுக்கறாரு. அவுங்க எழுதுனதும் இருக்கட்டும், நீ எழுதுனதும் இருக்கட்டும். எல்லாம் கதைதான்.”

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதினைந்தாவது அத்தியாயம் முடிந்தது. டைம்கீப்பர் மறுநாள் வேலைக்கு வருகிறார். ஆறு பத்துக்குத் தீர்த்தமலை வண்டி கிளம்பியதாகப் பதிவேட்டில் வழக்கம்போல எழுதுகிறார். தலையை நிமிர்த்திப் பார்த்தால் வண்டி அங்கேயே நிற்கிறது, டிரைவர் டீ குடிக்கிறார், ஜன்னலோரம் ஒரு அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேனாவை மூடிவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். தான் தவறு செய்துவிட்டதாகச் சொல்கிறார். டிக்கெட்டை முழுவதும் பார்க்கச் சொல்கிறார், பொத்தானின் நூலைப் பார்க்கச் சொல்கிறார். கணக்குப்பிள்ளையிடம் போய், “நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை” என்கிறார். நான் படித்த துப்பறியும் கதைகளில் ஒரு துப்பறிவாளர் மன்னிப்புக் கேட்டது அதில்தான்.

அக்கா அந்தத் தாள்களை நோட்டின் பின்னால் வைத்துத் தையல் மெஷினிலேயே ஓட்டினார். பாய் பார்சலைத் துணியில் சுற்றித் தைத்து, அரக்கு வைத்து, பதிவுத் தபாலில் சேர்த்தார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து ஒருத்தனைத் தூக்குமேடையில இருந்து எறக்கி இன்னொருத்தனை ஏத்திட்டீங்க,” என்றார் திரும்பி வந்து. “இனியாவது எனக்குக் காஜா எடுத்துக் குடுப்பாளா?”

நாவலை ஏற்றுக்கொண்டதாக ஒரு மாதத்தில் கார்டு வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, பொத்தான் டப்பா மூடியிலிருந்த பழைய கடிதத்தை எடுத்து, அடுப்பில் போடாமல், கார்டோடு சேர்த்து மறுபடியும் அங்கேயே செருகினார். கூப்பிட்டதும் ஓடி வந்த தலைமையாசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மழை ஆரம்பித்த பிறகு புத்தகம் வந்தது. பத்துப் பிரதிகள், கூடவே நோட்டும். அக்கா ஆண் பெயர் ஒன்றைப் புனைபெயராக வைத்திருந்தார். அட்டையில் டெலிபோனும் கத்தியும் போட்டிருந்தார்கள். கதையில் கத்தியே இல்லை என்று பாய் சிரித்தார். அக்கா கடைசிப் பக்கத்தைத் திறந்தார். திறந்தபடியே என்னிடம் நீட்டினார்.

கணக்குப்பிள்ளையின் கைகளில் விலங்கு ஏறியது. முற்றும்.

பதினைந்தாவது அத்தியாயம் இல்லை.

“வேணாம்னு எடுத்துட்டாங்களா?” என்றார் அக்கா. குரல் மிகவும் சன்னமாக இருந்தது. “அது நல்லால்லையா?”

நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அச்சுக் கோத்தவரின் பென்சில் குறிகள் பதினாலாவது அத்தியாயத்தின் கடைசி வரி வரை இருந்தன. கருத்துப் பக்கங்களில் ஒரு குறியும் இல்லை. அதற்குப் பின்னால் தைத்த தாள்கள் திறந்த சுவடே இல்லாமல் இருந்தன. முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். என் பட்டியல். அடிக்கோல் வைத்த அச்சுப் போன்ற எழுத்து. ‘நாவல், பதினாலு அத்தியாயங்கள்’ என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டிருந்தார்கள். ‘வாசகர் கருத்து’ என்பதற்கு எதிரே ‘வேண்டாம்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் இரட்டைக் கோடு.

புதன்கிழமை எழுதிய பட்டியல். சனிக்கிழமை அத்தியாயம் சேர்ந்தபோது நான் அதைத் திருத்தவில்லை. நினைவுக்கே வரவில்லை. எழுதிவிட்டேன், ஆகவே சரியாக இருக்கும் என்ற எண்ணம்.

“அவங்க எடுக்கலைங்க அக்கா,” என்றேன். “பார்க்கவே இல்லை. நான் பதினாலுன்னு எழுதியிருக்கேன். அதை நம்பி நிறுத்திட்டாங்க.”

அக்கா என் பட்டியலைப் பார்த்தார். டிக்கைப் பார்த்தார். பாய் மெஷினை நிறுத்திவிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. மூன்று நாவல் எழுதி, அச்சாகி வந்த முதல் புத்தகத்தில், தவறான ஆளின் கையில் விலங்கு.

“அப்ப அவங்களுக்கு அந்த அத்தியாயம் புடிக்காம இல்ல,” என்றார் கடைசியில்.

“இல்லைங்க. படிக்கவே இல்லை.”

“அது போதும்.” மூச்சு விட்டார். பிறகு என் தோளில் ஓர் அடி வைத்தார், வலிக்கும்படியாகவே. “என் டைம்கீப்பரை ஏழு கேள்வி கேட்டியே! வண்டி நிக்குது, போயிடுச்சுன்னு எழுதி வெச்சிருக்கே நீயி! இதை முன்னாடியே பார்த்திருந்தா கதையில டைம்கீப்பரா உன்னையவே வெச்சிருப்பேன்.”

பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அழுகை கலந்த சிரிப்புத்தான்.

அக்கா மெஷினிலிருந்து பாயை எழுப்பினார். பத்துப் பிரதிகளையும் அதன் மேல் அடுக்கினார். “எடு பேனாவ. இதுக்கு மட்டும் பட்டியல் போடாதே.”

பதினைந்தாவது அத்தியாயத்தை நான் பிரதி எடுத்தேன். கார்பன் வைத்து ஒரு முறைக்கு மூன்று. என் எழுத்துச் சிறியது, எட்டுப் பக்கத்தில் அடங்கியது. அக்கா ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் அதை வைத்து மெஷினில் தைத்தார். தலைமையாசிரியை தன் பிரதியைப் படித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். “என்னைய முட்டாளாக்கிட்டியே! கணக்குப்பிள்ளை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதுன்னு நான் எழுதிக் குடுத்தேனே,” என்றார். “அதையும் அச்சில போடச் சொல்லட்டுங்களா டீச்சர்?” என்று கேட்டார் அக்கா.

பஸ் நிலையப் பெட்டிக்கடையிலும் புத்தகம் விற்றது. வாங்கியவர்கள் பிரயாணத்தில் படித்து, ஊர் திரும்பியதும், செய்தி கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தார்கள். “பாய், இதுக்கும் கடைசி அத்தியாயம் தச்சுக் குடுங்க” என்பார்கள். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, புத்தகத்தை அளந்து பார்த்து, புதன்கிழமை வாங்க என்பார். நான் எழுதுவேன். அக்கா தைப்பார். ஊசி அட்டையில் இறங்கும் சத்தம் துணியில் இறங்குவது போல இருக்காது, தெருவுக்கே கேட்கும்.

அச்சகத்துக்கு நடந்ததை எழுதினேன், தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே. தனியாக அத்தியாயத்தையும் அனுப்பினேன். படித்தோம், நன்றாக இருக்கிறது, மறுபதிப்பு வந்தால் சேர்ப்போம் என்று பதில் வந்தது.

புத்தகம் வந்து இரண்டு வருடம் கழித்து இதை எழுதுகிறேன். இன்றைய நிலை இதுதான். மறுபதிப்பு வரவில்லை. அச்சில் கணக்குப்பிள்ளைதான் கொலைகாரர். எங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் முப்பத்தொரு பிரதிகளில் அவர் விடுதலையாகியிருக்கிறார். மற்றப் பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியாது. அக்கா நாலாவது நாவலில் பாதியில் இருக்கிறார், அதே டைம்கீப்பர். இதுவரை எழுதியதை நான் படித்துவிட்டேன். முதல் பக்கத்துப் பட்டியலை இன்னும் எழுதவில்லை.